புழக்கடைக்கு ஒரு நடைகல் பாதை

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்திற்குள் நம் தோட்டத்து வீடுகளின் புழக்கடை எந்த நிலைக்கு வந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சமையலறைக் கதவிலிருந்து மாட்டுத் தொழுவத்திற்கும், தண்ணீர்த் தொட்டிக்கும், காய்கறிப் பாத்திகளுக்கும் நாளொன்றுக்கு இருபது, முப்பது தடவை நடக்கும் அந்தச் சிறிய தூரம் கணுக்கால் சேறாகிவிடும். வயலுக்கு வரப்பு கட்டுகிறோம், வாய்க்காலைச் செதுக்குகிறோம், களத்திற்குச் சிமெண்டு போடுகிறோம். வீட்டுப் பெண்கள் விடியற்காலை இருட்டில் பால் வாளியுடன் நடக்கும் இந்தத் தூரத்தை மட்டும், மழை விட்டால் காய்ந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

எங்கள் ஊரில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இப்படிப்பட்ட சேற்றில் பால் வாளியுடன் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மாடுகளைக் கவனித்து வந்தவர் அவர் ஒருவரே. ஆகவே அந்தக் குடும்பம் இரண்டு கறவை மாடுகளையும் விற்க நேர்ந்தது. விழாதவர்களுக்கும் தொல்லை உண்டு. ஓயாத ஈரத்தால் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடந்தால் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பாதத்தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும்.

முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். செலவு ஒருபுறம் இருக்க, பெய்த மழை நிலத்தில் இறங்காமல் தளத்தின் மேல் ஓடி, வீட்டுச் சுவரடியிலோ அண்டை வீட்டாரின் எல்லையிலோ போய் நிற்கும். தேவைப்படுவது கால் வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு கல். அதைச் சுற்றி நீர் இறங்கக் கூழாங்கல். வீட்டில் உள்ளவர்களே இரண்டு மூன்று நாட்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

யாருடைய அடியை அளப்பது?

பாடம் சொல்லிக் கொடுக்கும் நானே இதை முதலில் தவறாகத்தான் செய்தேன். எங்கள் வீட்டுப் புழக்கடையில் கயிறு பிடித்து நேர்கோடு போட்டு, என் நடையை அளந்து, நடுவுக்கு நடு 65 செ.மீ. இடைவெளியில் கற்களைப் பதித்தேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் என் தாயார் கற்களை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த சேற்றிலேயே நடந்து கொண்டிருந்தார். காரணம் கேட்டேன். "ஏங்கண்ணு, தாண்டித் தாண்டிப் போறதுக்கு நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. சேலை கட்டி, இடுப்பில் குடத்துடனோ கையில் வாளியுடனோ நடக்கும் பெண்ணின் அடி, கை வீசி நடக்கும் ஆணின் அடியைவிடக் குறுகலானது. முதியவர்களுக்கு இன்னும் குறுகும். நீண்ட அடி வைப்பவர் குறுகிய இடைவெளியில் சமாளித்து நடந்துவிடுவார். குறுகிய அடி வைப்பவரால் அகன்ற இடைவெளியில் நடக்க முடியாது. எட்டி வைக்கும் கால்தான் வழுக்கும்.

ஆகவே கல் வாங்குவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். பாதை வரவேண்டிய இடத்தில் மாலையில் தண்ணீர் தெளித்து மண்ணைப் பதமாக்குங்கள். வீட்டிலேயே மெதுவாக நடப்பவரிடம், நிறைந்த குடத்தையோ வாளியையோ கொடுத்து, வழக்கம்போல் நடந்து போய்வரச் சொல்லுங்கள். அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் நடை மாறிவிடும். விழுந்த காலடித் தடங்களின் மேல் சாம்பலைத் தூவி, அடிகளை அளந்து பாருங்கள். என் தாயாரின் அடி 48 செ.மீ. இருந்தது. நான் கற்களைப் பெயர்த்து, நடுவுக்கு நடு 50 செ.மீ. என்று மீண்டும் பதித்தேன்.

இன்னொன்றையும் அந்தத் தடங்கள் காட்டும். யாரும் கயிறு பிடித்ததுபோல் நேராக நடப்பதில்லை. துவைக்கும் கல்லைச் சற்றுச் சுற்றி, முருங்கைக்குப் பக்கத்தில் வளைந்து, தொழுவத்தின் வாசலுக்குப் போவார்கள். அந்த வளைவிலேயே பாதையை அமையுங்கள். அழகுக்காக நேராக்கினால் குறுக்குவழியில் புதிதாக ஒரு சேற்றுப் பாதை உண்டாகும். காய்கறிப் பாத்திகளுக்கு இடையிலும் பாதையை நிலையாக்கி விட்டால், பாத்திமண் மிதிபடாமல் பொலபொலப்பாக இருக்கும். மிதிபட்டு இறுகிய மண்ணில் தண்ணீரும் இறங்காது, வேரும் ஓடாது.

கல்

கருங்கல் பலகை கிடைக்கும் மாவட்டத்தினருக்கு அதைவிட நல்லது வேறில்லை. இழைக்காத, சொரசொரப்பான முகம் மேலே இருக்கட்டும். கடப்பாக்கல் பலரும் விரும்புவது. ஆனால் மெல்லிய கல்லாக இருந்தால், அடியில் சிறிது பள்ளம் விழுந்தாலும் இரண்டாகப் பிளந்துவிடும். மெருகிட்ட கல் மழையில் வழுக்கும். வீட்டில் மிச்சமான கடப்பாக்கல் இருந்தால், அம்மி கொத்துபவரைக் கொண்டு மேல்முகத்தைக் கொத்தி வாங்கிய பின் பதியுங்கள். தரை ஓடுகளைப் புழக்கடையில் போடவே வேண்டாம்.

இன்று எங்கும் கிடைக்கும் பேவர் பிளாக்குகள் நெருக்கமாக அடுக்கி, ஓரம் கட்டினால்தான் நிற்கும். தனியாக ஒன்றை வைத்தால் மிதித்தவுடன் சாயும். நடைகல்லுக்கு ஒரே பலகைதான் ஏற்றது.

அந்தப் பலகையை நீங்களே வார்க்கலாம். 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள மரச் சட்டம் ஒன்று, அதாவது ஒன்றரை அடிக்கு ஓர் அடி, இரண்டு அங்குல கனம். சட்டத்தின் உட்புறம் பழைய எஞ்சின் எண்ணெய் தடவுங்கள். சிமெண்டு ஒரு பங்கு, மணல் அல்லது எம்-சாண்ட் இரண்டு பங்கு, 12 மி.மீ. ஜல்லி நான்கு பங்கு சேர்த்துக் கலக்க வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். ஊற்றுவதற்கு எளிதாக இருக்கிறதென்று கலவையைக் கூழாக்கினால் கல் பொரியும். நிரப்பி, தட்டி, மட்டப்படுத்தி, கலவை இறுகத் தொடங்கும்போது தென்னந்துடைப்பத்தால் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். அந்தக் கீறல்கள்தான் மழையில் காலைப் பிடிக்கும். மறுநாள் சட்டத்தை எடுத்துவிட்டு, இரண்டு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். ஒரு கல் ஏறத்தாழ 16 கிலோ எடை இருக்கும். சிந்தியது சிதறியது போக, ஒரு மூட்டைக்கு 22 கற்கள் வரும்.

படுக்கை

கல் ஆடுவதற்கும் உடைவதற்கும் காரணம் பெரும்பாலும் கல்லில் இல்லை, அதன் படுக்கையில் இருக்கிறது. இங்கே அவசரப்படாதீர்கள்.

மழைக்காலத்தில் எங்கெங்கே நீர் தேங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். தை அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் மாசியில் வேலையைத் தொடங்கலாம். பாதையை 60 செ.மீ. அகலத்திற்கு, 12 செ.மீ. ஆழம் தோண்டுங்கள். கோரைக் கிழங்கு கண்ணில் பட்டால் அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஆழமாகத் தோண்டி, பொறுக்கி எடுத்துவிட வேண்டும். உரச்சாக்கை விரித்துக் கோரையை அடக்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கோரையின் முளை நெகிழித் தாளையே துளைத்துக்கொண்டு வரும்.

பள்ளத்தின் அடியில் கிராவல் மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து 6 செ.மீ. கனத்திற்கு இறுக்குங்கள். அதன் மேல் 3 செ.மீ. மணல். அதன் மேல் கல். இப்படி வைத்தால் கல்லின் மேல்முகம் தரைமட்டத்தைவிட 2 செ.மீ. உயர்ந்து நிற்கும். மழைநீர் வடிய, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் கொடுங்கள். வீட்டுப் பக்கம் வாட்டம் போய்விட்டால் அந்த ஆண்டே சுவரில் ஓதம் ஏறும். துவைக்கும் கல்லிலிருந்து வரும் தண்ணீரைப் பாதை மறித்து நிற்கக்கூடாது. அந்த இடத்தில் பாதைக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டைப் பதித்து, நீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.

செம்மண் நிலத்திற்கு மேற்கண்ட ஆழம் போதும். கரிசல் மண்ணுக்குப் போதாது. மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண் அது. மேலே உள்ள கல்லையும் சேர்த்துத் தூக்கி இறக்கும். கரிசல்காட்டு விவசாயிகள் 25 செ.மீ. வரை தோண்டி, கூடுதலான ஆழம் முழுவதையும் கிராவலால் நிரப்பி இடிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சில கற்களைச் சரிசெய்ய நேரிடலாம். கலவை பூசி ஒட்டாமல் மணலில் வைப்பதன் சௌகரியம் அதுதான். கடப்பாரையால் நெம்பி எடுத்து மீண்டும் வைத்துவிடலாம்.

கல்லை வைத்தபின் அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக ஏறி நின்று பாருங்கள். 'டக்' என்ற ஓசை வந்தால் கல்லைத் தூக்கி, மணலைச் சரிசெய்து மறுபடி வையுங்கள். வேலையாட்கள் சிலர் ஆடும் மூலையின் அடியில் ஒரு சில்லைச் செருகி ஆட்டத்தை நிறுத்துவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். கல்லின் முழு எடையும் அந்தச் சில்லின் மேல் நின்று, ஒருநாள் அங்கேயே கல் முறியும். மேலும் அடியில் பொள்ளலாக இருக்கும் கல் தேளுக்கும் பூரானுக்கும் வீடாகும்.

கூழாங்கல்

கூழாங்கல்லைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். அது நடப்பதற்கு உரியதல்ல. உருண்டையான கல் காலடியில் உருளும். கனமாகக் கொட்டினால் கால் புதையும். கற்களுக்கு இடையில் சேறு தெறிக்காமலும், புல் முளைக்காமலும், மழைநீர் மெதுவாக இறங்கவும் மட்டுமே அது தேவை. நெல்லிக்காய் அளவுள்ள கற்களை 4 செ.மீ. கனத்திற்குப் பரப்பினால் போதும். நடைகல் கூழாங்கல்லைவிட 1 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் கூழாங்கற்கள் உருண்டு கல்லின் மேல் ஏறிவிடும். இரு ஓரங்களிலும் செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து வரம்பு கட்டுங்கள். வரம்பு இல்லாத கூழாங்கல்லைக் கோழிகளே ஒரு மாதத்தில் முற்றமெங்கும் கிளறிவிடும்.

ஆற்றிலும் ஓடையிலும் அனுமதியின்றி மணலோ கூழாங்கல்லோ எடுப்பது சட்டப்படி குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. செம்மண் காட்டில் ஒவ்வொரு உழவுக்கும் மேலே வரும் கற்களைப் பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருப்பீர்கள். அவற்றைச் சலித்துப் பயன்படுத்துங்கள். ஆனால் உடைந்த வெங்கச்சங்கல்லை நீக்கிவிடுங்கள். கண்ணாடிச் சில்லுபோல் காலைக் கிழிக்கும். சுக்கான் கல்லும் வேண்டாம். நாளடைவில் நொறுங்கிச் சுண்ணாம்புச் சேறாகும். தரை சரிவாக உள்ள இடத்தில் கூழாங்கல்லைப் பரப்பினால் முதல் பெருமழையிலேயே அடித்துப் போகும். அங்கே படிகள் வைப்பதுதான் முறை.

10 மீட்டர் நீளப் பாதைக்கு 20 நடைகற்கள், கிராவல் 16 கன அடி, மணல் 7 கன அடி, கூழாங்கல் 5 கன அடி தேவைப்படும். கற்களை நீங்களே வார்ப்பதாக இருந்தால் அதற்கான மணலும் ஜல்லியும் தனி.

மாடுகளை இந்தப் பாதையில் ஓட்டாதீர்கள். குளம்பு இடுக்கில் சிக்கினால் மாட்டுக்கும் கேடு, கல்லும் பெயரும். மாடு போகக் கிராவல் இடித்த தனிப்பாதை இருக்கட்டும். மொபெட் ஓட்டுவோரும் இதைக் குறுக்குவழியாகக் கொள்ள வேண்டாம்.

மர நிழலில் உள்ள கற்களில் பாசி படரும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, தேங்காய் மட்டையில் மணலைத் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். விடியற்காலையில் பால் கறக்கப் போகிறவர்களுக்காக, ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் விரலகலம் சுண்ணாம்பு தடவி வையுங்கள். விளக்கில்லாமலேயே கல் தெரியும். மழையில் கரைந்துவிடும் என்பதால் அவ்வப்போது மீண்டும் தடவ வேண்டும்.

கோடை மழை இரண்டு பெய்து முடிந்ததும் ஒருமுறை எல்லாக் கற்களின் மேலும் நடந்து பாருங்கள். இறங்கிய கற்களைத் தூக்கி, மணல் போட்டுப் புரட்டாசிக்குள் சரிசெய்துவிட வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டில் வார்த்த 22 கற்களில் மீதமுள்ள இரண்டையும் தொழுவத்துச் சுவரோரம் சாத்தி வையுங்கள். என்றாவது ஒரு கல் உடையும்போது, அதே சட்டத்தில் வார்த்த கல்தான் அந்தக் குழிக்குச் சரியாகப் பொருந்தும்.