அரசு விதைத்ததும் தீவிரவாதம் அறுத்ததும்

2009 ஜூலை 30 ஆம் திகதி நைஜீரியாவின் வடகிழக்கு நகரான மைதுகுரியில் மதபோதகர் ஒருவர் பொலிஸ் காவலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவத்தினர் அவரை உயிருடன் பிடித்துப் பொலிஸாரிடம் ஒப்படைத்திருந்தனர். ஆயினும் அவர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. அவரது பெயர் முஹம்மத் யூசுப். அவர் தோற்றுவித்த இயக்கமே பின்னர் பொக்கோ ஹராம் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

தலைவர் கொல்லப்பட்டதோடு இயக்கமும் முடிந்தது என்றே அன்று ஆட்சியாளர்கள் எண்ணினர். நடந்ததோ வேறு. அடுத்த ஆண்டிலேயே அபூபக்கர் ஷெகாவுவின் தலைமையில் அது முன்னரிலும் கொடிய வடிவில் மீண்டெழுந்தது. 2014 ஏப்ரலில் சிபோக் பாடசாலையிலிருந்து 276 மாணவிகள் கடத்திச் செல்லப்பட்டனர். 2020 ஆம் ஆண்டின் இறுதிவரை வடகிழக்கு நைஜீரியாவில் இம்மோதலினால் ஏறக்குறைய 350,000 பேர் இறந்திருப்பர் என ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலானோர் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் அல்லர். பசிக்கும் நோய்க்கும் பலியான ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளாவர்.

இந்த அழிவுக்கு மதமே காரணம் என்று கூறிவிடுவது மிகவும் இலகுவானது. ஆனால் போர்னோ பிரதேசத்தில் இஸ்லாம் பல நூற்றாண்டுகளாக வேரூன்றிய மார்க்கமாகும். அந்நூற்றாண்டுகளில் தோன்றாத ஓர் இயக்கம் 2002 அளவில் தோன்றியதற்கு மார்க்கத்தில் மாத்திரம் காரணம் தேட முடியாது. யூசுபின் போதனைகளை வெளிப்படையாக எதிர்த்து வாதிட்டவர்கள் வடபுலத்து முஸ்லிம் அறிஞர்களே. 2014 நவம்பரில் கானோ பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்தோர் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீவிரவாதம் தான் யாருக்காகப் பேசுவதாகக் கூறிக்கொள்கிறதோ, அச்சமூகத்தையே முதலில் பலிகொள்கிறது.

எனவே நைஜீரிய அரசு எவ்வாறு உருவானது என்பதை நாம் நோக்க வேண்டியுள்ளது. 1914 ஜனவரி முதலாம் திகதி பிரித்தானியா தனது வட, தென் பாதுகாப்புப் பிரதேசங்களை ஒன்றாக்கியது. வடக்கின் வரவு செலவுப் பற்றாக்குறையைத் தெற்கின் உபரி வருமானத்தால் ஈடுசெய்வது இதன் முக்கிய நோக்கங்களில் ஒன்றாகும். அங்கு வாழ்ந்த மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. வடக்கில் அமீர்களின் ஊடாக மறைமுக ஆட்சி நடத்திய பிரித்தானியர், அங்கு கிறிஸ்தவ மிஷனரிகளின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்தினர். மிஷனரிகளுக்குப் பதிலாக நவீன பாடசாலைகளைத் தாமே போதியளவில் அமைக்கவுமில்லை. ஒரே நாட்டின் இரு பகுதிகள் கல்வியில் பெரும் இடைவெளியோடு 1960 இல் சுதந்திரம் பெற்றன.

எனினும், எல்லாப் பழியையும் வெள்ளையர் மீது சுமத்திவிட்டு உள்நாட்டு ஆட்சியாளர்கள் தப்பித்துக்கொள்ள இயலாது. மக்களை அடக்குவதற்காக அமைக்கப்பட்ட அரச இயந்திரத்தை அவர்கள் மாற்றியமைக்கவில்லை. அதன் ஆசனத்தில் தாம் அமர்ந்துகொண்டனர். எண்ணெய் வருமானம் பெருகியபோது, மத்திய அதிகாரத்தைக் கைப்பற்றுவதே அரசியலின் ஒரே இலக்காயிற்று. 1966 முதல் 1999 வரையிலான காலத்தின் பெரும்பகுதியில் இராணுவமே ஆண்டது. வடகிழக்கில் பாடசாலையும் தொழிலும் எட்டாக்கனியாகவே இருந்தன. சாட் ஏரி வற்றத் தொடங்கியதால் மீனவரும் விவசாயிகளும் நிலைகுலைந்தனர். ஊழல் மிகுந்த அரசையும் அது வழங்கிய கல்வியையும் ஒன்றாகவே நிராகரித்த யூசுபின் குரல் இத்தகைய இளைஞர்களிடம் எடுபட்டதில் வியப்பில்லை.

இது மதம் சார்ந்த நோயல்ல என்பதற்கு அதே நாட்டின் மறுமுனை சான்றாகிறது. கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழும் நைகர் கழிமுகப் பிரதேசத்தில், எண்ணெய் அகழ்வால் பாழாகிய தம் நிலத்துக்காக ஒகோனி மக்கள் அறவழியில் போராடினர். அவர்களது குரலாக விளங்கிய எழுத்தாளர் கென் சாரோ விவாவும் மேலும் எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டனர். அறவழியில் பேசியவருக்குக் கிடைத்தது தூக்குக் கயிறு. அடுத்த தசாப்தத்தில் அதே கழிமுகத்தில் ஆயுதக் குழுக்கள் தலையெடுத்தன. வடக்கிலும் அரசு பாடம் கற்கவில்லை. 2014 மார்ச்சில் மைதுகுரியின் கிவா இராணுவ முகாம் தாக்கப்பட்டுக் கைதிகள் தப்பியோடியபோது, அவர்களுள் 600 இற்கும் மேற்பட்டோரை இராணுவம் கொன்றதாக சர்வதேச மன்னிப்புச் சபை குற்றஞ்சாட்டியது.

அதே பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த எமது நாட்டுக்கும் இக்கதை அந்நியமானதன்று. தற்காலிகமெனக் கூறி 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அது போரைத் தடுத்ததா, வளர்த்ததா என்பதைத் தமிழ் மக்கள் தம் வாழ்விலேயே கண்டனர். ஸஹ்ரானின் தீவிரப் போக்குக் குறித்து முஸ்லிம்களே முன்கூட்டி முறையிட்டிருந்தும் 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிப் படுகொலைகள் தடுக்கப்படவில்லை. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் அப்பாவி முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒருசிலரின் குற்றத்துக்காக ஒரு சமூகம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாவது எத்தகையது என்பதை இவ்விரு சமூகங்களும் அறியும்.

காரணங்களை ஆராய்வது கொலையை நியாயப்படுத்துவதாகாது. மாணவிகளைக் கடத்தியவனும் தொழுகையாளரைக் கொன்றவனும் குற்றவாளிகளே. தம்முள் எழும் தீவிரக் குரல்களை மறுத்துரைக்கும் கடமை ஒவ்வொரு சமூகத்துக்கும் உண்டு. ஆனால் அவ்வாறு மறுத்துரைப்போரின் கைகளைப் பலப்படுத்துவது நீதிமன்றமும் பாடசாலையும் நேர்மையான நிர்வாகமுமே. யூசுப் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டிருந்தால், அவரது கருத்துகளோடு அவரது குற்றங்களும் மக்கள் முன் விசாரிக்கப்பட்டிருக்கும். விசாரணையின்றிச் சுட்ட அரசோ அவரைத் தியாகியாக்கியது. சட்டத்தை மீறிப் பாதுகாப்பைத் தேடும் அரசு, தன் குடிமக்களுக்கு மட்டுமன்றித் தனக்கும் பாதுகாப்பின்மையையே தேடிக்கொள்கிறது.