காவலாளிக்கும் ஒரு காவல்

நாயை நன்றியுள்ள பிராணி என்று நாம் அனைவரும் போற்றுகிறோம். ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வாசலிலும் பங்களா முற்றத்திலும் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் புரிவது அதுவே. ஆயினும், அந்தக் காவலாளிக்கே நாம் காவல் இருக்கவேண்டிய இரவு ஒன்று உண்டு. நாய்களின் திறமையைச் சோதிக்கும் போட்டிக்காக அவை அயல் மைதானத்தில் தங்கும் இரவே அது.

மலைநாட்டுக்கு நாய் விளையாட்டு புதியதன்று. 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டை நாய்களைக் கூட்டமாக வளர்த்து மரைகளைத் துரத்தினார். இன்று நாயின் வேகத்தைக் காண உயிர்க்கொலை வேண்டியதில்லை. 1978 இல் இலண்டனில் நடைபெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையிலான நேரத்தை நிரப்பும் பொருட்டுத் தடைதாண்டும் ஓட்டம் ஒன்றை அமைத்தார்கள். குதிரைகளின் தடைதாண்டலைப் பார்த்து எழுந்த அவ்விளையாட்டு, ‘அஜிலிட்டி’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. நாய் தடைகளைத் தாண்டி, குழாயினுள் நுழைந்து, சாய்பலகையில் ஏறியிறங்கி, வரிசைக் கம்பங்களிடையே வளைந்தோட வேண்டும். வளர்ப்பவர் உடன் ஓடிக் குரலாலும் சைகையாலும் வழிகாட்டலாம், தொடுதல் ஆகாது.

இங்கேதான் குறும்பர்களின் சேஷ்டை அபாயமாகிறது. தடையின் மேலுள்ள கோல், நாயின் கால் பட்டவுடன் விழும்படி தாங்கிகளின்மீது சும்மா வைக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவன் இரவில் வந்து, வேடிக்கை என எண்ணி, அதனைக் கம்பியாற் கட்டிவிட்டுச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முழு வேகத்திற் பாயும் நாயின் கால் முறியாதா? சாய்பலகையின் ஆணியைத் தளர்த்துவதும் அத்தகையதே.

தின்பண்டம் கொடுப்பதும் விளையாட்டன்று. சொக்கலேற்றிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் விரைவிற் கழிக்கமாட்டாது. அளவு மிகுந்தால் வலிப்பும் மரணமும் நேரும். கேக்கில் இடும் உலர்ந்த திராட்சையோ சிறுநீரகங்களைக் கெடுக்கவல்லது. வெடி கொளுத்தினாலோ, நம்மினும் கூரிய செவியுடைய பிராணி அஞ்சி, கட்டறுத்துக்கொண்டு இருளில் ஓடிவிடும்.

மேல்நாட்டிலும் இக்கவலை உண்டு. 2015 இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியிற் கலந்துகொண்டு பெல்ஜியம் திரும்பிய ‘ஜாகர்’ என்ற நாய் விஷத்தால் இறந்தது. போட்டியாளர் எவரேனும் செய்த சதியோ என்று பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்த பின்னர், நாய் ஊர் திரும்பிய பின்னரே விஷத்தை உண்டிருக்க வேண்டும் என்று கண்காட்சியை நடத்திய சங்கம் அறிவித்தது. செவ்வையான காவலும் பதிவேடும் நாயை மட்டுமன்றி, குற்றமற்றவர்களின் நற்பெயரையும் காப்பன என்பதை இதனால் அறிகிறோம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்திலுள்ள நமது பண்டாரவளையில் இத்தகைய போட்டி ஒன்றை நடத்த முற்படும் இளைஞர், மனிதரை மட்டும் எண்ணினாற் போதாது. இரவுப் பனி பலகைகளை வழுக்கச் செய்யும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நாயைத் தேடிச் சிறுத்தை வருவதும் உண்டு. தெருநாய் உட்புகுந்து கடித்தால் நீர்வெறுப்பு நோய் பற்றிய அச்சம் வேறு. அந்நோயைக் கட்டுப்படுத்த 1893 ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் சட்டம் பிறந்தது என்றால் அதன் கொடுமையை ஊகித்துக்கொள்ளலாம்.

செய்யவேண்டியவை எளியனவே. தடுப்பூசிச் சான்றில்லாத நாயை அனுமதித்தல் ஆகாது. இருவர் இருவராக முறைவைத்துக் காவலிருத்தல் வேண்டும், தனியொருவன் உறங்கிவிடக்கூடும். வந்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். வளர்ப்பவரையன்றி வேறெவரும் உணவளித்தல் கூடாது. கூண்டுகளைப் பூட்டினால், தீ விபத்து நேரும்போது உடனே திறக்கத் திறவுகோல் காவலர் கையில் இருத்தல் அவசியம். விடிந்ததும் நீர்ப்பாத்திரங்களைக் கழுவி, ஒவ்வொரு கோலையும் ஆணியையும் கையாலே தொட்டுப் பார்த்தல் வேண்டும். மிருக வைத்தியரின் தொலைபேசி எண் யாவர் கண்ணிலும் படுமாறு இருக்கட்டும்.

விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்க 1907 இல் நம் நாட்டிற் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி அடங்குவதைவிட மனமிரங்கி அடங்குவதே மேன்மை. நண்பனைக் கேலி செய்தால் அவன் திருப்பிக் கேலி செய்வான், அல்லது முறையிடுவான். வாயில்லாப் பிராணி யாரிடம் முறையிடும்? குறும்பு செய்ய விழையும் மாணவச் செல்வங்களே, காவற் குழுவில் முதலாவதாக உங்கள் பெயரைக் கொடுங்கள். பனியில் ஓர் இரவு விழித்திருந்து, காலையில் அந்நாய்கள் துள்ளியோடுவதைக் கண்டால், அதனினும் பெரிய வேடிக்கை வேறில்லை என்பதை நீங்களே உணர்வீர்கள்.