பயண ஜூம் கேமராவைத் தொலைமுனையில் மதிப்பிடுதல்

கைப்பையில் அடங்கும் சிறிய உடலுக்குள் 10 மடங்கு முதல் 40 மடங்கு வரை நீளும் லென்ஸைப் பொருத்திச் சுற்றுலாச் செல்வோருக்கென விற்கப்படும் கேமராக்கள் பயண ஜூம் கேமராக்கள் எனப்படுகின்றன. 2006இல் பானாசோனிக் நிறுவனம் 10 மடங்கு ஜூமுடன் வெளியிட்ட டி.இசட்.1 இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 2018இல் வந்த கேனான் எஸ்.எக்ஸ்.740 எச்.எஸ். 40 மடங்கு ஜூம் கொண்டது. இவற்றின் பெட்டிமேல் பெரிதாக அச்சிடப்படுபவை ஜூம் மடங்கும் மெகாபிக்சல் எண்ணிக்கையுமே எனினும், எடுக்கப்படும் படம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை அவ்விரு எண்களிலிருந்து ஏறக்குறைய எதுவும் அறிய முடியாது.

ஜூம் லென்ஸின் ஒரு முனை பரந்த காட்சியை உள்ளடக்கும் அகலமுனை. மறுமுனை தொலைவிலுள்ளதை அருகே இழுக்கும் தொலைமுனை. அகலமுனைப் படங்களைப் பொறுத்தவரை, பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக இணைக்கும் கணிப்பொறித் திறனால் நல்ல கைப்பேசிகள் சிறிய கேமராக்களுக்கு ஈடுகொடுக்கின்றன, இருட்டில் பலமுறை மிஞ்சியும் விடுகின்றன. ஆகவே கைப்பேசி இருக்கும்போதே தனியாக ஒரு கேமராவைச் சுமந்து செல்வதற்கான நியாயம் தொலைமுனையில்தான் இருக்கிறது என்பதால், அதன் தரத்தையும் முதலில் அங்கேதான் சோதிக்க வேண்டும். விற்பனை மாதிரிப் படங்களோ பெரும்பாலும் நல்ல வெயிலில், அகலமுனையில் எடுக்கப்பட்டவையாகவே இருக்கின்றன.

தரத்தின் அடிப்படை, லென்ஸ் வழியே வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சென்சார் என்னும் உணரித் தகட்டின் பரப்பு. பெரும்பாலான பயண ஜூம் கேமராக்களில் உள்ள 1/2.3 அங்குல சென்சார் உண்மையில் ஏறத்தாழ 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும் கொண்டது, அதாவது சுமார் 28 சதுர மி.மீ. பானாசோனிக் டி.இசட்.100, சோனி ஆர்.எக்ஸ்.100 வரிசை ஆகியவற்றிலுள்ள 1 அங்குல சென்சாரின் பரப்பு சுமார் 116 சதுர மி.மீ. ஒரே காட்சியை ஒரே துளை எண்ணிலும் ஒரே ஷட்டர் வேகத்திலும் எடுத்தால் பெரிய சென்சார் நான்கு மடங்கு ஒளியைப் பெறுகிறது. ஒளி துகள்களாக ஒழுங்கின்றி வந்து விழுவதால் படத்தில் உண்டாகும் மணல்போன்ற புள்ளிச் சிதறல் 'நாய்ஸ்' எனப்படும். பெறும் ஒளி நான்கு மடங்கானால், நாய்ஸுக்கும் உண்மையான காட்சிக்குமான விகிதம் இரண்டு மடங்கு மேம்படும்.

தொலைமுனையின் முதன்மையான இடர் ஒளித்துளையில் இருக்கிறது. துளையின் அளவைக் குறிக்கும் எஃப் எண் பெரிதாகப் பெரிதாக உள்ளே வரும் ஒளி குறையும். எஸ்.எக்ஸ்.740இல் அகலமுனையில் எஃப் 3.3 ஆக இருக்கும் துளை தொலைமுனையில் எஃப் 6.9 ஆகிவிடுவதால், சென்சாரில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் குறைகிறது. இத்துடன் விளிம்பு விளைவு என்னும் இயற்பியல் எல்லையும் குறுக்கிடுகிறது: துளையின் ஓரத்தில் ஒளியலைகள் வளைந்து பரவுவதால், ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகவே விழும். எஃப் 6.9இல் பச்சை ஒளிக்கு அவ்வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான்; 2 கோடி பிக்சல்களைத் தாங்கும் அந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ 1.2 மைக்ரான்தான். ஒரு புள்ளியின் உருவமே ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும் இடத்தில், மெகாபிக்சலைக் கூட்டுவதால் நுணுக்கம் கூடுவதில்லை. லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் இவ்வெல்லை அகலாது.

இருப்பினும் சிறிய சென்சாரை ஒதுக்கிவிடுவதும் சரியாகாது. எஸ்.எக்ஸ்.740 முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவின் 960 மி.மீ. லென்ஸுக்கு இணையான தொலைவை எட்டுகிறது, டி.இசட்.100 எட்டுவதோ 250 மி.மீ. தொலைவிலுள்ள பறவையை அதே அளவுக்குக் கொண்டுவர டி.இசட்.100இன் படத்தை வெட்டினால், 20 மெகாபிக்சலில் ஒன்றரை மெகாபிக்சல்கூட மிஞ்சாது. எனவே நல்ல வெயிலில், அசையாத தொலைப்பொருளுக்குச் சிறிய சென்சாரே மேல். மாலை ஒளியிலும் அருங்காட்சியகக் கூடத்திலும் அந்த மேன்மை தலைகீழாகும். பயணத்தில் எதை அதிகம் படமெடுக்கப் போகிறோம் என்பதைக் கேட்காமல் இரண்டில் எது சிறந்தது என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது கேமராவுக்குள் நடக்கும் திருத்தம். ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு எண்ணை உயர்த்தும்போது வெளிப்படும் நாய்ஸை மென்பொருள் துடைக்கிறது. துடைக்கையில் புல்லின் இழை, தலைமுடி, துணியின் நெசவு ஆகிய மெல்லிய விவரங்களையும் சேர்த்து அழித்துவிட, அவ்விடம் நீர்வண்ண ஓவியம்போல் குழைந்து நிற்கிறது. இழந்த கூர்மையை மீட்பதற்காக ஓரங்களை அது செயற்கையாக அழுத்தும்போது, கட்டடத்தின் விளிம்பை ஒட்டி வெண்கோடு ஒன்று தோன்றும். முதற்பார்வைக்குப் பளிச்சென்று கூர்மையாகத் தெரியும் படம் பலமுறை இத்தகைய அழுத்தத்தின் விளைவே. டி.இசட்.100 போன்று சென்சார் தரும் தரவைத் திருத்தாமல் 'ரா' கோப்பாகச் சேமிக்கும் கேமராக்களில், இத்துடைப்பின் அளவைப் பயனரே பின்னர் முடிவு செய்யலாம், எஸ்.எக்ஸ்.740இல் அவ்வசதி இல்லை என்பது அதன் பெருங்குறை.

வாங்குமுன் சோதிப்பவர் ஒரே காட்சியை அகலமுனை, நடுநிலை, தொலைமுனை ஆகிய மூன்றிலும், ஐ.எஸ்.ஓ. 100, 800, 3200 ஆகிய மூன்று நிலைகளிலும் எடுத்து ஒப்பிட்டால் போதும். கை நடுக்கத்தை லென்ஸின் குறையாகக் கருதிவிடாதிருக்க, கேமராவை உறுதியான ஒரு பரப்பில் வைத்து, 2 விநாடித் தாமதத்தில் இயங்கச் செய்வது நல்லது, 960 மி.மீ.க்கு இணையான நிலையில் நடுக்கந்தாங்கும் வசதி இல்லாவிடில் 1/1000 விநாடி வேகம் தேவைப்படும். அவ்வசதி கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும். ஓடும் குழந்தையை அது நிறுத்தித் தராது. பகலில் நெடுந்தொலைவு எடுத்த படம் நெளிந்து மங்கலாக இருந்தால், சூடேறிய காற்றின் அலைவே காரணமாக இருக்கக்கூடும் என்பதால் காலையிலும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

படங்களை எந்த அளவில் பார்ப்பது என்பதிலும் நிதானம் தேவை. 6 அங்குலத்துக்கு 4 அங்குல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 22 லட்சம் பிக்சல் போதும். 4கே திரைக்கும் 83 லட்சமே. ஒவ்வொரு பிக்சலாகப் பெருக்கிப் பார்க்கும்போது அதிக மெகாபிக்சல் கொண்ட படம் மோசமாகத் தோன்றக்கூடும். ஆகையால் எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கி ஒப்பிடுவதே முறை.

கடைசியாக, ஒரே மாதிரிக் கேமராக்களுக்கிடையிலும் வேறுபாடு உண்டு. பல கண்ணாடிகள் ஒன்றனுள் ஒன்று நகரும் இவ்வளவு சிறிய ஜூமில் ஒரு கண்ணாடி சற்றே விலகிப் பொருந்தினாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். செங்கல் சுவர் ஒன்றை நேருக்கு நேர் நின்று எடுத்து, இடப்பக்க மூலைகளையும் வலப்பக்க மூலைகளையும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். இருபுறமும் சமமாக மங்கினால் அது அவ்வகை லென்ஸின் இயல்பு, ஒருபுறம் மட்டும் மங்கினால் அந்தக் கேமராவைத் திருப்பிக்கொடுத்து வேறொன்றை வாங்கலாம்.