பாரு, பாகோ, பாயு

ஜொகூர் பாரு என்ற மலேசிய நகரின் பெயரில் உள்ள ‘பாரு’வுக்கு மலாயில் ‘புதிய’ என்று பொருள். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் தகாலோக் மொழியில் அதுவே ‘பாகோ’. மணிலாவுக்கு வடமேற்கே, பம்பாங்கா மாகாணத்தில் ‘பாயு’.

மூன்றும் ஆஸ்திரனேசியக் குடும்பத்து மொழிகள். அவற்றின் மூதாதை மொழியில் ஒருவகை ரகரம் இருந்தது என்பது மொழியியலாளர் கணிப்பு. மலாயில் அது ரகரமாகவே நின்றது. தகாலோக்கில் ககரமாகவும், பம்பாங்காவில் பேசும் கபம்பாங்கனில் யகரமாகவும் மாறியது.

இந்த ஒழுங்கு பிடிபட்டால் சொற்களின் பிறந்த ஊரைத் துப்புத் துலக்கலாம். மலாயில் ‘பெரானி’ என்றால் துணிச்சல். தெற்கே மிண்டனாவோவின் மனோபோ மக்களுக்குப் போர்வீரன் ‘பகானி’. தகாலோக்கிலும் ககரம்தான் வந்திருக்க வேண்டும். இருப்பதோ ‘பாயானி’, அதாவது மாவீரன். ஊசிக்கும் இதே கதை: மலாயில் ‘ஜாரும்’, தகாலோக்கில் ‘கராயோம்’. இந்த யகரம் கபம்பாங்கனிலிருந்தோ அதன் நெருங்கிய உறவு மொழியிலிருந்தோ வந்த கடன் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆக, மணிலாப் பகுதியில் உள்ள தேசிய மாவீரர் கல்லறைத் தோட்டத்தின் பெயரிலேயே ஒரு கடன்சொல் உட்கார்ந்திருக்கிறது.

கபம்பாங்கன் பேசுவோர் 20 லட்சத்துக்கும் மேல். ‘பம்பாங்’ என்றால் ஆற்றங்கரை. மொழியின் பெயர் அதிலிருந்து வந்தது. தகாலோக்காரருக்கு இது பாதி தெரிந்த மொழிபோலத் தோன்றி ஏமாற்றும். அவருடைய ‘இபோன்’ பறவை. இங்கே ‘எபுன்’ முட்டை. இங்கே பறவைக்கு ‘ஆயுப்’ என்று பெயர். அதை ‘ஹாயோப்’ என்று எடுத்துக்கொண்டால் அவருக்கு அது விலங்கு!

இலக்கணம் இன்னும் சுவையானது. ‘ஹுவானைப் பார்த்தேன்’ என்பதில், பார்த்தவர் யார் என்பதைத் தமிழின் வினைவிகுதி சொல்லிவிடுகிறது. கபம்பாங்கனில் ‘இகித் கெ இ ஹுவான்’. நடுவில் உள்ள ‘கெ’, ‘நான்’ என்பதைக் குறிக்கும் ‘கு’வும் ‘அவன்’ என்பதைக் குறிக்கும் ‘யா’வும் ஒட்டிப் பிறந்தது. ஹுவானின் பெயரைச் சொன்ன பிறகும் இந்த ‘அவனை’ விட முடியாது. பார்த்தவர், பார்க்கப்பட்டவர் இருவரையும் ஒரே அசை சுமக்கிறது.

ஸ்பானியப் பாதிரியார் தியேகோ பெர்கான்யோ 1729இல் இம்மொழிக்கு இலக்கணமும் 1732இல் அகராதியும் வெளியிட்டார். பாதிரிமார் ககர ஒலியை ஸ்பானிய வழக்கப்படி ‘சி’, ‘க்யூ’ எழுத்துகளால் எழுதினர். பிற்காலத்தவர் ‘கே’ போதும் என்றனர். சண்டை இன்னும் ஓயவில்லை. ‘ஆதின் கு புங் சிங்சிங்’ என்ற புகழ்பெற்ற நாட்டுப்பாடலின் தலைப்பில் வரும் ‘கு’வைக்கூட இரண்டு விதமாக எழுதுகிறார்கள். தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

2012 முதல் பிலிப்பைன்ஸ் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் தாய்மொழி பயிற்றுமொழியானது. கபம்பாங்கனும் பள்ளிக்குள் வந்தது. 2024இல் வந்த சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. மாணவர் அனைவரும் ஒரே தாய்மொழி பேசும் வகுப்பில் மட்டும் விரும்பினால் தொடரலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்று, அந்த மொழிக்கு அதிகாரபூர்வமான எழுத்துமுறை இருக்க வேண்டும்.