கறார்க்காரர் ஜாக் வொரால்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெல்போர்ன் ஃபுட்பால் அணிகளுக்குத் தனியாகப் பயிற்சியாளர் என்று ஒருவர் இல்லை என்றே சொல்லலாம். யாரை இறக்குவது, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் கேப்டனின் பொறுப்பு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் ஆட்டக்காரர்களை யாரும் அதிகம் அதட்டுவதில்லை. ஜாக் வொரால் அதட்டினார்.

அதட்டும் தகுதி அவருக்கு இருந்தது. மேரிபரோவை ஒட்டிய தங்கவயல் பகுதியில் பிறந்தவர். 1884இல் ஃபிட்ஸ்ராய் அணியில் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே அதன் கேப்டனானார். 1887, 1890 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விக்டோரியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பெயர் வாங்கினார். கோடைக்காலம் கிரிக்கெட்டுக்கு. ஆஸ்திரேலியாவுக்காக 11 டெஸ்ட் ஆடியிருக்கிறார். 1896இல் கிளப் ஆட்டமொன்றில் ஆட்டமிழக்காமல் 417 ரன் குவித்தார்.

1902இல் கார்ல்டன் கிளப் அவரைச் செயலாளராக அழைத்தது. 1897இல் லீக் தொடங்கியதிலிருந்து பட்டியலின் அடியிலேயே கிடந்த அணி அது. வொரால் கணக்கு வழக்கோடு நிற்கவில்லை. புது ஆட்களைத் தேடிப் பிடித்தார். உயரமும் உடல்கட்டும் உள்ளவர்கள் மீது அவருக்குத் தனிக் கண். பயிற்சிக்கு எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்றார். குடியும் ஆட்டமும் ஒத்துவராது என்பதில் கடைசிவரை இறங்கி வரவில்லை.

1904இல் கார்ல்டன் இறுதி ஆட்டம் வரை வந்து ஃபிட்ஸ்ராயிடம், அதாவது வொராலின் பழைய அணியிடமே, தோற்றது. 1906இல் அதே ஃபிட்ஸ்ராயை 49 புள்ளிகளில் வீழ்த்திக் கோப்பையை வென்றது. 1907இல் சவுத் மெல்போர்னை வென்றது வெறும் 5 புள்ளிகளில். ஒரு கோலுக்கே 6 புள்ளி என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வெற்றி எத்தனை மெல்லிய நூலிழை என்று புரியும். 1908இல் எசெண்டனையும் வென்றது. லீக்கில் தொடர்ந்து மூன்று முறை கோப்பையை வென்ற முதல் அணி கார்ல்டன்தான்.

மறு ஆண்டே உள்ளுக்குள் வெடித்தது. விதிப்படி அப்போது ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. மறைவாகக் கைமாறும் பணம்தான். திரளும் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள், தங்கள் பங்கு எங்கே என்று கேட்டார்கள். அதட்டுபவரும் கிளப்பின் செயலாளரும் ஒரே ஆள் என்பதால் மனக்கசப்பு முழுவதும் வொரால் மீதே விழுந்தது. 1909இல் பயிற்சிப் பொறுப்பை விட்டார். பின்னர் செயலாளர் பதவியையும். ஆட்டக்காரர்களின் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். 1911இல் லீக்கே சம்பளத்தை அனுமதித்துவிட்டது. ஆனால் கார்ல்டனை அடியிலிருந்து தூக்கிவிட்டவரை அந்த கிளப் அப்படி அனுப்பியிருக்க வேண்டாம்.

அவருடைய முறை பலிக்கும் என்பதற்கு எசெண்டன் சாட்சி. 1911இல் அங்கே பொறுப்பேற்றார். அந்த ஆண்டும் கோப்பை, அடுத்த ஆண்டும் கோப்பை! பிற்காலத்தில் பத்திரிகையாளராகி, 1937இல் இறக்கும் வரை இரண்டு ஆட்டங்களைப் பற்றியும் எழுதினார். 1932-33 ஆஷஸ் தொடரில் ‘பாடிலைன்’ என்ற சொல்லை முதலில் எழுதியவர் அவர்தான் என்போரும் உண்டு.

1911 இறுதி ஆட்டத்தில் எசெண்டனிடம் சரியாக ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற அணி காலிங்வுட். மறு ஆண்டு அது தன் ஆட்டக்காரர் ஒருவரையே பயிற்சியாளராக்கியது. 1949 வரை அந்தப் பொறுப்பில் இருந்த ஜாக் மெக்ஹேலை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)