வெறும் புல்லுதானா? இரவிகுளம் மலையின் கதை

போன தடவை மூணாறு போயிருந்தப்போ நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, காடுன்னு சொல்லி டிக்கெட் வாங்க வெச்சாங்க, வெறும் புல்லுதான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. பார்த்தால் அப்படித்தான் தெரியும். பாறை, புல், பனி, அவ்வளவுதான். ஆனால் அந்த "வெறும் புல்"தான் இங்கே ஹீரோ. இது எப்படித் தப்பிப் பிழைத்தது என்பது அதைவிட ஆச்சரியமான கதை. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதலில் இடத்தைப் பார்த்துடலாம்

கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், 97 சதுர கிலோமீட்டர் பரப்பு. பெரும்பகுதி 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மேட்டுநிலம். அதன் தெற்குப் பக்கம் ஆனைமுடி. 2,695 மீட்டர். இமயமலையை விட்டுவிட்டால் அதற்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயரமான சிகரம் கிடையாது.

இங்கே மரமே இல்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் உற்றுப் பாருங்க. இரண்டு மலைச்சரிவு சேரும் மடிப்பில், ஓடை ஓடுகிற இடத்தில், குட்டையான மரங்கள் நெருக்கமாக நிற்கும். அதுதான் சோலை. சரிவு முழுக்கப் புல், மடிப்பில் மட்டும் சோலை. இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் காடு.

"யாரோ மரத்தை வெட்டினதால புல் வந்திருக்கும்" என்று ரொம்ப நாள் பலர் நினைத்தார்கள். ஆனால் நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்தபோது, சுமார் 20,000 வருஷத்துக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது தெரிந்தது. குளிர்காலத்தில் திறந்த சரிவில் உறைபனி விழுகிறது, சோலை மரங்களின் இளங்கன்றுகள் கருகிவிடுகின்றன. புல் தாங்கிக்கொள்கிறது. பழமையான காட்டைப் பார்க்கணும்னா மரத்தைத்தான் தேடணும் என்கிற நம் கணக்கு இங்கே செல்லாது.

வரையாடு: பெயரில்தான் ஆடு

ராஜமலையில் இறங்கியதும் ரோட்டோரமாகவே நிற்கும் வரையாடு. 'வரை' என்றால் மலை. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுதான். இமயமலையிலும் இதே மாதிரி ஒரு காட்டாடு இருப்பதால், இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று நினைத்து ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் வந்த மரபணு ஆய்வு அதை மாற்றிவிட்டது. நம்ம வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் செம்மறியாட்டு வகை. இப்போது இதற்கென்று தனிப் பேரினமே இருக்கிறது. அதில் இருப்பது இந்த ஒரே ஒரு இனம்தான்.

இதற்குத் தேவை இரண்டே விஷயம்: மேய்வதற்குப் புல், பக்கத்திலேயே செங்குத்துப் பாறை. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் பாறை விளிம்புக்குப் பாய்ந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் குட்டி போடும் காலம். அதனால்தான் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுகிறார்கள். டூர் ப்ளான் போடுறவங்க இதை மறந்துடாதீங்க.

2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்து ஒரே நேரத்தில் கணக்கெடுத்தன. உலகத்தில் மொத்தமே 2,668 வரையாடுகள். அதில் 841 இந்த ஒரு பூங்காவில். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

காப்பாற்றியது யார்?

இங்கேதான் கதை திரும்புகிறது. 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தொழிலாளர்கள் மலையேற்றப்பட்டார்கள், சோலை அழிந்து தேயிலை பரவியது.

ஆனால் இரவிகுளம் மேட்டுநிலத்தில் தேயிலை ஏறவில்லை. அதைத் தோட்டத் துரைமார்கள் தங்களுக்கான வேட்டைக்களமாக வைத்துக்கொண்டார்கள். அதற்கென்று ஒரு சங்கம், யார் எதைச் சுடலாம் என்பதற்கு விதிகள். காவலுக்கும் தடம் பார்ப்பதற்கும் முத்துவர் பழங்குடி மக்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

ஆக, சுடுவதற்காக வைத்திருந்த இடம் பிழைத்துக்கொண்டது. 1971-இல் கேரள அரசு ஒரு சட்டம் போட்டு, கண்ணன் தேவன் மலையில் தேயிலை பயிரிடாத நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975-இல் இரவிகுளம் சரணாலயம் ஆனது, 1978-இல் தேசியப் பூங்கா. துரைமார்களுக்கு நன்றி சொல்லச் சொல்லவில்லை. சுற்றியிருந்த சோலையை அழித்தவர்களும் அவர்கள்தானே. ஆனால் அந்தப் புல் ஒரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது, அதனால் யாரும் அதை "சும்மா கிடக்கிற நிலம்" என்று சொல்லவில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மரம் நட்டே அழித்த கதை

மற்ற மலைகளில் அப்படிச் சொன்னார்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி சீகை, யூகலிப்டஸ், பைன் நட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, "மரம் நடுவது நல்லதுதானே" என்றுதான் செய்தார்கள். விளைவு, வரையாட்டுக்கு மேயப் புல் இல்லை, ஒரு மந்தைக்கும் அடுத்த மந்தைக்கும் நடுவில் வழியும் இல்லை. இப்போது அந்தச் சீகையை எடுப்பது பெரிய பாடு. வெட்டினாலும் மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும் விதை மறுபடி முளைக்கும்.

நமக்கு என்ன?

இந்தப் புல்லும் அதன் அடியில் இருக்கிற கரிமண்ணும் மழைநீரை உள்ளே பிடித்துவைத்து, கோடையிலும் மெதுவாக விடுகின்றன. மேற்கே இறங்கும் ஓடைகள் பெரியாற்றுக்குப் போகின்றன. கிழக்கே இறங்குபவை பாம்பாற்றில் சேர்ந்து, மறையூர், சின்னாறு வழியாக அமராவதிக்கு வருகின்றன. உடுமலை, தாராபுரம், கரூர் பக்கம் இருந்து கேட்கிறவங்களே, உங்க ஊர் ஆற்றில் இந்த மலையின் பங்கு இருக்கு.

பிழைத்துவிட்டது என்பதால் ஆபத்து முடிந்துவிடவில்லை. இரவிகுளத்தின் உச்சிப் பகுதியில் ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு குட்டித் தவளை வாழ்கிறது. 2010-இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்தது. வேறு எந்த மலையிலும் இது கிடையாது. சூடு கூடினால் அடிவாரத்தில் இருக்கிற உயிர்கள் கொஞ்சம் மேலே நகரலாம். உச்சியில் இருப்பது எங்கே போகும்?

அடுத்த நீலக்குறிஞ்சி 2030-இல். போன தடவை, 2018-இல், பூக்கிற நேரத்தில் பெருவெள்ளம் வந்து மூணாறு பாதையே துண்டானது. இந்தத் தடவை போறவங்க பூவை மட்டும் போட்டோ எடுத்துட்டு வராதீங்க. பூ இல்லாத பக்கத்துச் சரிவையும் ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. பக்கத்து சீட்டில் யாராவது "வெறும் புல்லு"ன்னு சொன்னா, இந்தக் கதையைச் சொல்லுங்க. நான் அன்னைக்குச் சொல்லாம விட்டுட்டேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.