காசநோய் தீர்ந்தது, மூச்சு ஏன் வாங்குகிறது?

ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டாயிற்று. சளியில் கிருமி இல்லையென்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் பாதி மாடிப்படி ஏறுவதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. காலையில் எழுந்தால் இருமி இருமி ஓய்ந்துபோகிறார். உடனே வீட்டார் அவருக்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் வைத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி நடக்கிறதா, வாசகர்களே?

"தாத்தா பக்கத்தில் உட்காராதே என்று அம்மா சொன்னாங்க, சார்" என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள். தாத்தா குணமாகி இரண்டு வருடமாகிறது! காசநோய் தட்டிலும் குவளையிலும் தொற்றுவதேயில்லை. நோய் இருக்கும்போது இருமலால் காற்றில்தான் பரவும்.

பால்மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாய்ப் பட்டுவிட்டால் காயம் ஆறும். ஆனால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகிவிடும். மறுபடி அங்கே கத்தி ஓடாது. நுரையீரலும் அப்படித்தான். மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பை அழிக்காது. தழும்பான பகுதி விரியாது. சிலருக்கு மூச்சுக்குழாய்கள் அகன்று, சளி அங்கேயே தங்கிவிடும்.

அதற்காக, "பாவம், உட்காரட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். உட்கார உட்காரத் தசை தளர்ந்து மூச்சு இன்னும் வாங்கும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நின்று, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதிவிட வேண்டும். இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம். படியேறும்போது, காலை எடுத்து வைக்கையில் மூச்சை விடட்டும்.

சிகரெட் கூடவே கூடாது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நான் குறை சொல்லவில்லை. அவர் இருக்கும் அறையில் மட்டும் வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருப்பது நல்லது. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி, அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. குறியீடு 100ஐத் தாண்டினாலே இவர்களுக்குச் சிரமந்தான்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். புதிதாகக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு கண்டால் சளியை மறுபடி சோதிக்க வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு நோய் திரும்பவும் வரலாம். சளியில் இரத்தம் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். தழும்பு பழையதா, புதிதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.